துளசித் தொட்டியில் ஓர் அயர்லாந்து

*(முப்பத்தொரு ஆண்டுகள் பெங்களூரு ஓட்டல் ஒன்றில் பார் நடத்தி ஓய்வுபெற்ற அல்சூர்க்காரர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)*

என் கணவருடைய நிறுவனத்துக்குத் தலைமையகம் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இருக்கிறது. மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் திருநாளன்று மாலை அவருடன் வேலை செய்யும் எட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். "பச்சையாக ஏதாவது கலந்து வை" என்கிறார். பீரில் பச்சைச் சாயம் விடலாமா ஐயா?
— வாசகி, ஒயிட்ஃபீல்டு

விடாதீர்கள் அம்மா. நான் ஒருமுறை விட்டு அனுபவித்தவன். மேலாளர் ஆசைப்பட்டார் என்று, கேசரிக்குப் போடுகிற பொடிக்குத் தம்பியான பச்சைப் பொடியைக் கரைத்து பீர் ஜாடிகளில் ஊற்றினோம். ஒன்பது மணிக்குப் பார்த்தால், சிரிக்கிற வாய் எல்லாம் பச்சை. வெள்ளை மேசை விரிப்புகளைத் துவைத்த சலவைக்காரர் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பீரின் ருசி மட்டும் அப்படியேதான் இருந்தது.

அந்தப் பச்சை பீரே அமெரிக்காவில் பிறந்த வழக்கம். அயர்லாந்திலோ, நமக்குக் காந்தி ஜயந்தி போல, 1927 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாளில் மதுக்கடைகளை மூடிவைக்கச் சட்டம் இருந்தது.

உங்கள் வீட்டில் ஃபில்டர் இருக்கும். அதை இறக்குங்கள். ஐரிஷ் காபி செய்யலாம். அயர்லாந்தின் மேற்கே ஃபாய்ன்ஸ் என்ற ஊரில், தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு 1940-களில் ஒரு நிலையம் இருந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்த பயணிகளுக்கு ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் சுடு காபியில் விஸ்கி கலந்து கொடுத்தார் என்பது அதன் பிறப்புக் கதை.

ஒரு ஆளுக்கு அளவு சொல்கிறேன். கைப்பிடியுள்ள கண்ணாடிக் கோப்பையில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, அதன்மேல் 120 மில்லி சுடு காபி. கரையும்வரை கலக்கிய பிறகு 45 மில்லி விஸ்கி. காபி என்று நான் சொல்வது சிக்கரி கலக்காத சிக்கமகளூர்த் தூளில் இறக்கிய டிக்காஷன். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர். சிக்கரி இருந்தால் விஸ்கி பின்வாங்கி, அதன் கசப்பு மட்டும் நாக்கில் நிற்கும். பாலும் சேராது.

இனிதான் கிரீம். இதில் எட்டுப் பேரில் ஆறு பேர் தோற்றுப்போவார்கள். 1952-ல் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கடையில் இதைச் செய்து பார்த்தபோது கிரீம் முழுகிக்கொண்டே இருந்ததாம். பால் பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் கிறிஸ்டோபர், பின்னாளில் அந்நகர மேயரானவர், கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு நுரைக்கச் சொன்னாராம். நமக்கு அவ்வளவு வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டி கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அது எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. கேக் கடைக்காரரிடம் 35 சதவீதப் பால் கிரீம் கேளுங்கள். எண்ணெயில் செய்த கிரீமைத் தலையில் கட்டப் பார்ப்பார்; அது அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும்.

குளிர்ந்த கிரீமை ஒரு மூடி போட்ட பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். சளசளவென்ற சத்தம் மெல்ல அடங்கி மந்தமாகும், அங்கே நிறுத்திவிடுங்கள். இட்லி மாவுப் பதம் வந்தால் காரியம் கெட்டது, ஆப்ப மாவுப் பதம்தான் கணக்கு. கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு காபியைத் தொடும்படி பிடித்து, மேலே ஊற்றுங்கள். வழிந்து பரவி, கறுப்பின்மேல் வெள்ளையாக விரல் தடிமனில் நிற்கும். சர்க்கரை இல்லாவிட்டால் காபியின் அடர்த்தி குறைந்து கிரீம் இறங்கப் பார்க்கும். ஆகவே சர்க்கரைக்குத் தடை உள்ளவருக்கு இந்தக் கோப்பையே வேண்டாம். கலக்கக் கரண்டி கொடுக்காதீர்கள். சில்லென்ற கிரீமுக்கு அடியிலிருந்து சுடு காபியை உறிஞ்சுவதில்தான் சுகம்.

ஐரிஷ் விஸ்கி விலை கையைக் கடிக்கிறது. நம் ஊர் விஸ்கியை ஊற்றினால் என்ன?
— வாசகர், ஜாலஹள்ளி

ஊற்றலாம் தம்பி, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அயர்லாந்திலேயே மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் அது ஐரிஷ் விஸ்கி. பெரும்பாலும் மூன்று முறை வடித்திருப்பார்கள், புகை வாசனை இராது. காபியோடு சண்டை போடாததற்கு அதுதான் காரணம். நம்மிடம் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, வெல்லப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் கலந்தவை. சூட்டில் அந்த நெடி மூக்கைத் துளைக்கும். பெங்களூருவின் அம்ருத், 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய்த் தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை) அறிமுகப்படுத்திய நிறுவனம். அவர்களுடைய புகையில்லாத வகை பொருந்தும். ஆனால் விலையில் அதுவும் இளைத்ததல்ல.

கறுப்பு ஸ்டவுட் பீரில் நுரை ஒயின் கலப்பார்களாமே?
— வாசகர், இந்திராநகர்

பிளாக் வெல்வெட். 1861-ல் விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்தபோது ஷாம்பெயினும் துக்கம் காக்கட்டும் என்று லண்டன் கிளப் ஒன்றில் கறுப்பாக்கினார்கள் என்று சொல்வார்கள். உயரமான கண்ணாடியில் பாதி ஸ்டவுட், பாதி நாசிக் நுரை ஒயின். சரித்துப் பிடித்து ஊற்றாவிட்டால் மேசை குளிக்கும். எனக்கு இது இரண்டு நல்ல பானங்களையும் வீணாக்குகிற வேலையாகத்தான் படுகிறது.

மது அருந்தாதவர்களுக்கும் பச்சையாக ஏதாவது சொல்லுங்களேன். அயர்லாந்தின் சின்னமான அந்த மூவிலைச் செடி, ஷாம்ராக், இங்கே எங்கே கிடைக்கும்?
— வாசகி, ஃபிரேசர் டவுன்

புதினாவை அப்படியே அரைத்தால் அரை மணியில் கறுத்துவிடும். கொதிநீரில் பத்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போதும்.

ஷாம்ராக்கைத் தேடி அலைய வேண்டாம். எங்கள் வீட்டுத் துளசித் தொட்டியில், பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது புளியாரை. மூன்று இலை, ஒவ்வொன்றும் குட்டி இதயம். வேறு செடிதான், ஆனால் கோப்பையில் மிதந்தால் அயர்லாந்துக்காரரே ஒரு கணம் ஏமாறுவார். அங்கே அன்றைய கடைசிக் கோப்பையில் ஷாம்ராக்கைப் போட்டுக் குடித்துவிட்டு, இலையை இடது தோளுக்குமேல் பின்னால் எறிவது வழக்கம். நான் அப்படி எறிந்தபோது என் மாமியார் காபித் தம்ளரோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு எறியுங்கள். மீந்த புளியாரையை மறுநாள் பருப்போடு கடைந்துவிடலாம்.