பைபாஸ் ஆன உடம்பு இன்னொரு ஆபரேஷனைத் தாங்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 66. மூன்று வருடங்களுக்கு முன் பைபாஸ் நடந்தது. தினமும் மகாமகக் குளத்தை நாலு சுற்று நடக்கிறார். இப்போது வலது பக்கம் குடலிறக்கம். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார் சர்ஜன். நெஞ்சைத் திறந்த உடம்பு மறுபடி மயக்க மருந்தைத் தாங்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். தள்ளிப் போடலாமா? – வாசகி, கும்பகோணம்.

பதில்: முப்பது வருடமாக மயக்க மருந்து கொடுப்பதுதான் அம்மா என் வேலை. அடைப்பு இருப்பதே தெரியாமல் வருகிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். உங்கள் கணவருக்கு அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி செய்தாகிவிட்டது. பைபாஸ் ஆகிச் சில வாரம்தான் என்றால் வேறு கதை.

குளத்தங்கரை சமதரை, அதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நிற்காமல் இரண்டு மாடி ஏறுகிறாரா? நெஞ்சு பிடிக்காமல், மூச்சு முட்டாமல் ஏறினால் என் பாதிக் கவலை தீர்ந்தது. முட்டினால் முதலில் இதய மருத்துவரிடம் போங்கள். காலிலிருந்து எடுத்து ஒட்டிய ரத்தக்குழாயும் நாளடைவில் அடைபடக்கூடியதுதான்.

உண்மையான வம்பு மாத்திரையில்தான். ஒருவர், 'ஆபரேஷனாச்சே' என்று ஒரு வாரம் எல்லா மாத்திரையையும் தானாகவே நிறுத்திவிட்டு வந்தார். மேஜையில் படுத்தபோது பிரஷர் 200, நாடி 120. அப்படியே திருப்பி அனுப்பினோம். நாடியையும் பிரஷரையும் அடக்கி வைக்கிற மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும். ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரில் அதை விழுங்க வேண்டும். கொழுப்பு மாத்திரையும் தொடரட்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் இருந்தால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம், இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடும் இடத்தில் ரத்தம் கட்டலாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் அது 3 நாள் முன்பே நிற்க வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசி எழுதித் தரட்டும்.

சின்னக் குடலிறக்கம் என்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தே முடித்துவிடலாம், முழு மயக்கம்கூட வேண்டாம். தள்ளிப் போட்டு, குடல் சிக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாகக் கொண்டுவந்தால்தான் இதயத்துக்கு ஆபத்து அதிகம். வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், பைபாஸ் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். பலர் அதைப் பீரோவிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.