தாத்தாவின் .303

அன்புள்ள ஐயா,

என் தாத்தா மலாயா அவசரகாலத்தில் தோட்டக் காவலில் இருந்தவர். ".303-க்கு ஈடாக ஒரு துப்பாக்கி இல்லை" என்று கடைசிவரை சொன்னார். நியூசிலாந்தில் இருக்கும் அண்ணன் மகன் மான் வேட்டைக்குப் போகிறான். அவனிடம் இருப்பது 6.5 கிரீட்மூர் தோட்டா போடும் துப்பாக்கி. ".303 எல்லாம் மியூசியத்துக்குப் போகவேண்டியது சித்தப்பா" என்கிறான். யார் சொல்வது சரி?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

1948 ஜூனில் நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். தோட்டக் காவலுக்கு .303 வந்தது அதற்கப்புறம்தான். அதில் போடும் .303 தோட்டா 1888-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பிறந்தது. கிரீட்மூர் 2007-இல் வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ராணுவ .303, 174 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டை வினாடிக்குச் சுமார் 2440 அடி வேகத்தில் அனுப்பும். கிரீட்மூர், 140 கிரெய்ன் குண்டை ஏறக்குறைய 2700 அடி வேகத்தில். குழல் வாயில் இரண்டின் பலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தூரம் போகப் போகத்தான் வித்தியாசம். 6.5 குண்டு ஒல்லி, நீளம். அதன் வேகம் சீக்கிரம் குறையாது, பக்கக்காற்றும் அதிகம் தள்ளாது. தோளில் உதையும் குறைவு. மலைச்சரிவில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானுக்கு அது பெரிய உதவி. இதுவும் புது யோசனை இல்லை. சுவீடன்காரர்கள் 1890-களிலேயே 6.5 மில்லிமீட்டர் தோட்டா செய்துவிட்டார்கள், இன்றும் அதில் மூஸ் மான் சுடுகிறார்கள்.

.303-இல் எனக்குப் பிடிக்காதது அதன் அடி விளிம்பு. அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் நகராது. அவசரத்தில் இதைவிடத் தொல்லை வேறில்லை. பழைய தோட்டாவைப் பிரித்தால் உள்ளே மருந்து தூளாக இருக்காது, சேமியாக் கத்தை மாதிரி இருக்கும். கார்டைட் என்பார்கள்.

வேட்டைக்கு நான் முதலில் பார்ப்பது குண்டின் மூக்கை. கல்கத்தா பக்கம் டம்டம்மில், இதே .303-க்கு முனையில் ஈயம் தெரியும்படி குண்டு செய்தார்கள். பட்டதும் விரியும். 1899-இல் ஹேக் மாநாடு போரில் அந்த மாதிரிக் குண்டைத் தடுத்தது. வேட்டையில் விரியும் குண்டுதான் வேண்டும், மிருகம் வதைபடாமல் சாக. ஆகவே ராணுவக் குண்டு போட்ட .303 வேட்டைக்கு ஆகாது. மென்முனைக் குண்டு போட்டால் அதே துப்பாக்கி நூறு மீட்டருக்குள் எந்த மானையும் சாய்க்கும். மியூசியத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

சின்ன வயதில் ஒரு பன்றியைப் பார்த்தேன். லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர் ஷாட்கன்னில் எட்டாத தூரத்தில் சுட்டுவிட்டார். காய்ந்த ரப்பர் இலைகளில் சொட்டுச் சொட்டாக ரத்தம், நிரை நிரையாகப் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் வாய்க்கால் ஓரம் கிடந்தது, கண் திறந்தபடி. இன்னும் மூச்சு இருந்தது.

அண்ணன் மகனிடம் தோட்டாவின் பெயரைக் கேட்காதீர்கள். எத்தனை மீட்டருக்கு மேல் சுடமாட்டேன் என்று வைத்திருக்கிறான், அதைக் கேளுங்கள்.