முக்கில் நாலு கார் நின்றால் என்ன?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள். காரை நிறுத்த இடம் தேடியே தினமும் அரைமணி போகிறதாம். இந்த அழகில், ஹோபோக்கன் என்ற ஊரைப் பார்த்து இவர்களும் தெருமுனைகளில் பார்க்கிங்கை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கம்பங்களை நட்டுவிட்டார்கள். போன மாதம் முக்கில் ஐந்தே நிமிஷம் நிறுத்தியதற்கு அபராதம். முக்கில் நாலு கார் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்குப் பதில் ஒரு பலமாடி பார்க்கிங் கட்டக் கூடாதா? அபராதத்தை எதிர்த்து வாதாடச் சொல்லலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தெருவைக் கடக்க நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். முக்கில் ஒரு எஸ்யூவி நின்றால் அந்தப் பிள்ளை அதற்குப் பின்னால் மறைந்தே போகும். பிள்ளைக்கு வரும் வண்டி தெரியாது, வண்டி ஓட்டுபவருக்குப் பிள்ளை தெரியாது. இரண்டு பேரும் மூக்கை நீட்டிப் பார்த்தால்தான் உண்டு. பிள்ளை மூக்கை நீட்டும் இடம் நடுரோடு.

உங்கள் மகன் நிறுத்தியது ஐந்தே நிமிஷம், சரி. அவர் கிளம்பிய அடுத்த நிமிஷம் இன்னொருவர் வந்து அதே இடத்தில் ஐந்து நிமிஷம் நிறுத்துவார். பிள்ளைக்கு நாள் முழுக்கத் திரைதான்.

ஹோபோக்கன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஹட்சன் ஆற்றுக்கு இக்கரையில், நியூயார்க்குக்கு நேர் எதிரே இருக்கும் ஊர். ஒரு சதுர மைலுக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தில் அறுபதாயிரம் பேர். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. காயம் பட்டவர்கள் உண்டு, மோதல்களும் உண்டு. சாவு இல்லை. சின்ன ஊர், முன்பும் வருடத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் நடந்திருக்காது, அதிர்ஷ்டமும் கை கொடுத்திருக்கும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் வருடக்கணக்கில் தொடர்ந்து வேலைக்கு வந்துகொண்டிருக்காது.

அவர்கள் ஒன்றும் புதுச் சட்டம் போடவில்லை. பாதசாரிகள் கடக்கும் கோட்டிலிருந்து 25 அடிக்குள் காரை நிறுத்தக் கூடாது என்று நியூஜெர்சி மாநிலச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை கார் நீளம். சட்டம் இருந்தும் முக்கில் இடம் காலியாகத் தெரிந்தால் ஆள் நிறுத்தத்தானே செய்வான்? அதனால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் நிரப்பினார்கள். கம்பம் நட்டார்கள், சைக்கிள் ஸ்டாண்டு வைத்தார்கள், சில முக்குகளில் நடைபாதையையே அகலமாக்கி மழைநீர் இறங்கும் செடிப் பாத்தி போட்டார்கள். இந்தப் பாத்தி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஹோபோக்கன் தாழ்வான ஊர், 2012 சாண்டி புயலில் ஆறு ஊருக்குள் புகுந்து ஊரே மிதந்தது. ஒரே பாத்தி தண்ணீரையும் குடிக்கிறது, காரையும் தள்ளி நிற்க வைக்கிறது.

முக்கில் பார்க்கிங்கை எடுத்தது மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பச்சை விழும்போது கார்களுக்குச் சில நொடி முன்னதாகவே நடப்பவர்களுக்கு வழி விடும் சிக்னல்கள் வைத்தார்கள். 2022-ல் ஊர்த் தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாக, அதாவது 32 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். ஆனால் செலவு குறைவாகவும் பலன் நிறைவாகவும் எதில் என்றால் முக்கில்தான். நாலு கம்பத்துக்கும் ஒரு டப்பா பெயின்ட்டுக்கும் என்ன ஆகிவிடப் போகிறது? கலிபோர்னியாவும் 2023-ல் சட்டம் இயற்றி, கடக்கும் இடத்துக்கு முன்னால் 20 அடியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் மகனின் அரைமணி. முக்கில் போன நாலு இடம் திரும்பி வந்தால் அது தீர்ந்துவிடுமா? ஹோபோக்கனில் தெருவில் நிறுத்த உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் பெர்மிட், முதல் காருக்கு நெடுங்காலம் வருடம் 15 டாலர்தான். தனியார் கராஜில் இடம் பிடித்தால் மாதம் சில நூறு டாலர். கராஜ் வைத்திருப்பவர்கூட அதில் அட்டைப்பெட்டியை அடுக்கிவிட்டுக் காரைத் தெருவில்தான் விடுவார். கல்யாண வீட்டில் இலவசமாக ஐஸ்கிரீம் கொடுக்கும் ஸ்டாலைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் நாலு கப் கூட வைத்தால் வரிசை குறைந்தா போகிறது? உங்கள் மகன் ஊரில் பெர்மிட் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அரைமணியின் ரகசியம் அங்கே இருக்கலாம். ஜப்பானில் 1962 முதல், காரை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் பொதுவாகக் காரைப் பதிவு செய்யவே முடியும். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை.

பலமாடி பார்க்கிங்கா? அதிலும் ஹோபோக்கன் முன்னோடிதான். 2002-ல் ஒரு தானியங்கி கராஜ் திறந்தார்கள். அமெரிக்காவுக்கே புதுசு. காரை வாசலில் விட்டால் இயந்திரமே தூக்கிக்கொண்டு போய் அடுக்கிவிடும். 2006-ல் மென்பொருள் உரிமம் யாருக்கு என்று நகராட்சிக்கும் அதை நடத்திய கம்பெனிக்கும் தகராறு. நூற்றுக்கணக்கான கார்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அதற்காகப் பலமாடியே கூடாது என்று சொல்ல வரவில்லை, கட்டட்டும். ஆனால் கீழே தெருவில் கிட்டத்தட்ட இலவசம் என்றால் மேலே காசு கொடுத்து யார் ஏறுவார்கள்?

அந்த ஊர்க்காரர்கள் சமாளிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1907-ல் கட்டிய ஹோபோக்கன் நிலையத்தில் ரயில், ஆற்றுக்கு அடியில் நியூயார்க் போகும் பாத் ரயில், லைட் ரயில், பஸ், படகு எல்லாம் ஒரே இடத்தில். வேலைக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பொதுப் போக்குவரத்தில்தான் போய்வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கு மட்டும் கார் தேவைப்படுகிறவர்களுக்காக 2010-லேயே மணிக் கணக்கு வாடகைக் கார்களைத் தெருவோரம் நிறுத்த இடம் கொடுத்தார்கள். உங்கள் மகன் வாரத்தில் எத்தனை நாள் காரை எடுக்கிறார் என்று எழுதவில்லை. இரண்டு நாள்தான் என்றால், அவருக்கு இடம் தேடும் பிரச்சினை இல்லை, கார் என்கிற பிரச்சினை.

கும்பகோணத்திலிருந்து எழுதியதால் ஒன்று கேட்கிறேன். நம் நாட்டிலும் சாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில், பாதசாரிகள் கடக்கும் இடத்தில், பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று 1989-லேயே சாலை விதி எழுதியாகிவிட்டது, தெரியுமா? எங்கள் தெரு முக்கில் ஒரு இஸ்திரி வண்டி, ஒரு ஷேர் ஆட்டோ, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் பேனர். மூன்றையும் தாண்டி எட்டிப் பார்த்து சைக்கிளைத் திருப்புவதற்குள் எனக்கு இதயம் வாய்க்கு வந்துவிடும். இஸ்திரிக்காரர் பிழைப்புக்காக நிற்கிறார், அவருக்குப் பத்தடி தள்ளி ஓர் இடம் கொடுத்தால் சந்தோஷமாகப் போய்விடுவார். பேனருக்கு என்ன அவசரம் என்றுதான் தெரியவில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் செத்தார்கள். எல்லோரும் முக்கில் சாகவில்லைதான். நெடுஞ்சாலைக் கணக்கு தனியாகப் பேச வேண்டியது.

கடைசியாக, அபராதம். மகனை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் கடக்கும் கோட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். 25 அடிக்கு வெளியே நிறுத்தியிருந்தால் தாராளமாக வாதாடட்டும், ஜெயித்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். உள்ளே என்றால் பணத்தைக் கட்டிவிடட்டும்.