கிட் வாங்கினால் போதுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோட்டிக்ஸ், கோடிங்: கேள்வி பதில்

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாலையில் ரோபோட்டிக்ஸ் மன்றத்தையும் பார்த்துக்கொள்கிறேன். பெற்றோர், ஆசிரியர், மாணவர் என்று பலர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியின் அம்மா, கோவை: டீச்சர், எங்கள் தெருவில் ஒரு மையத்தில் எட்டு வயதிலேயே பைதான் என்ற கணினி மொழியைச் சொல்லித் தருகிறார்கள். இப்போது சேர்க்காவிட்டால் மகள் பின்தங்கிவிடுவாளோ?

மாட்டாள். நம் மாநில மேல்நிலைப் பாடநூல்களில் பைதான் வருவதே பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில்தான். எட்டு வயதுக்கு ஸ்க்ராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளிவந்தது, முழுக்க இலவசம். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், இழுத்துப் பொருத்தினால் ஓடும். அவளுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றை அவளே செய்யட்டும். பூனை சுவரில் முட்டினால் மதிப்பெண் குறைய வேண்டும் என்று அவளுக்கே தோன்றும். அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும், மதிப்பெண்ணை வைத்துக்கொள்ள ஒரு மாறி வேண்டும். அந்த நேரத்தில் சொல்லிக்கொடுங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்: நாற்பது பிள்ளைகள், ஓடுகிற கணினி ஆறு. இணையம் வந்தால் உண்டு. ரோபோ பாகங்கள் அடங்கிய கிட் வாங்கப் பணமில்லை. என்ன செய்யலாம் மேடம்?

நிறையச் செய்யலாம் சார். ஸ்க்ராட்ச் இணையம் இல்லாமலும் ஓடும். ஒருமுறை தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஆறிலும் நிறுவிவிடுங்கள். ஆனால் ஆறு கணினிக்கு முன்னால் நாற்பது பேரையும் உட்கார வைக்காதீர்கள். பாதி வகுப்பு வராண்டாவுக்குப் போகட்டும். தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை கோடு (கணினிக்கான கட்டளைகள்) எழுதுபவர். 'ஒரு கட்டம் முன்னே போ', 'வலப்பக்கம் திரும்பு', இந்த இரண்டு கட்டளைகள் மட்டும். சீட்டில் முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் ரோபோ நடக்க வேண்டும், நடுவில் திருத்தக் கூடாது. தவறான கட்டத்தில் போய் நின்றால் சீட்டை வரிவரியாகப் பார்த்து எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பார்கள். 1967இல் பிறந்த லோகோ என்ற கணினி மொழியில், கட்டளைப்படி நகரும் 'ஆமை'யை ஓட்டிய பிள்ளைகளுக்கு, அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் காட்டிய வழியும் இதுதான்: ஆமையின் இடத்தில் உன்னை வைத்து நடந்து பார்.

அப்புறம், யாராவது நன்கொடை தந்தால் பெரிய கிட் கேட்காதீர்கள். மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை இரண்டு போதும். 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சாய்வை உணரும் சென்சார் எல்லாம் அந்தப் பலகையிலேயே இருக்கின்றன. அதற்குக் கோடு எழுதும் மேக்கோட் மென்பொருளின் திரையில் மாதிரி மைக்ரோபிட் ஒன்று ஓடும். அதில் சரிபார்த்த குழு மட்டும் நிஜப் பலகையைக் கேட்டு வரட்டும்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, மதுரை: எங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழகும் ஆய்வகம்) இருக்கிறது. ஆனால் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் எல்லாப் பொருளும் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பள்ளிக்குக் கிடைக்கும் மானியம் 20 லட்சம் ரூபாய் வரை. பாதி லேப் அமைக்க, மறுபாதி ஐந்தாண்டு நடத்த. பொருள் தீரும், கெடும் என்பதால்தானே நடத்துவதற்கென்று தனித்தொகை? தலைமையாசிரியரிடம் இரண்டு பதிவேடு கேளுங்கள். முப்பரிமாண பிரிண்டர், மல்டிமீட்டர் எல்லாம் ஒன்றில். எல்.இ.டி., ரெசிஸ்டர், ஜம்பர் வயர், பேட்டரி, சில்லறை சென்சார் எல்லாம் தீரும் பொருள் பதிவேட்டில், வேதியியல் லேபில் டெஸ்ட் டியூபை எழுதுவது போல. ஒரு எல்.இ.டி. எரிந்துபோகட்டும், பரவாயில்லை. 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று அன்றைக்கு ஓம் விதியை வைத்து அவர்களே கணக்குப் போடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்: மிஸ், தடை வந்தால் திரும்பும் ரோபோ செய்தேன். ஒரே 9 வோல்ட் பேட்டரியில்தான் எல்லாம் ஓடுகிறது. மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும், ரோபோவை இயக்கும் ஆர்டுவினோ பலகை ரீஸ்டார்ட் ஆகிறது. கோடில் தவறு எதுவும் தெரியவில்லை.

தம்பி, கோடைத் தொடாதே. சிக்கல் பேட்டரியில். அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரியால் அதிக மின்னோட்டம் தர முடியாது. இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்போது அதன் வோல்டேஜ் சரிகிறது, ஆர்டுவினோ அணைந்து மறுபடி எழுகிறது. நான் சொன்னதை அப்படியே நம்பாதே. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி முனைகளில் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டிப் பார்.

பிறகு ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் ஆறைத் தொடராகப் போட்டு மோட்டாருக்குக் கொடு. 7.2 வோல்ட் வரும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவர் பலகை அதில் சுமார் 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும், மீதி உன் மஞ்சள் கியர் மோட்டாருக்குத் தாராளம். 9 வோல்ட் பேட்டரி ஆர்டுவினோவுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டின் கிரவுண்டும் (மைனஸ் இணைப்பு) சேர்ந்திருக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது அதைத்தான். மோட்டாரை நேராக ஆர்டுவினோ பின்னில் செருகவே கூடாது. ஆர்டுவினோ ஊனோ ஆர்3 பலகையின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. 18650 லித்தியம் செல் வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவனின் அப்பா, திருச்சி: எந்நேரமும் ரோபோ ரோபோ என்றே இருக்கிறான். மார்க் குறையாதா?

நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அவன் கையில் இருப்பது பாடம்தான் சார். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமானது என்று சொல்கிறது. 1160 மைக்ரோ விநாடி என்று வந்தால் தூரம் எவ்வளவு? ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். பெருக்கி, போய்வந்த தூரம் என்பதால் பாதியாக்கினால் கிட்டத்தட்ட 20 செ.மீ. ஸ்கேலால் அளந்து சரிபார்த்து வரைபடம் போடச் சொல்லுங்கள். அட்டைக்குப் பதில் தலையணையை வைத்தால் அளவு ஏன் தடுமாறுகிறது, அட்டையைச் சாய்த்தால் ஏன் காணாமல் போகிறது என்று கேளுங்கள்.

ஆசிரியர், சேலம்: போட்டிக்குப் போகும் ரோபோவை ஆசிரியர்களே செய்துகொடுக்கும் பள்ளிகளோடு எப்படிப் போட்டி போடுவது?

போட்டி போடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் செய்ததைக் கொண்டுபோங்கள்.

ஆசிரியை, தஞ்சாவூர்: குழுவில் பெண் பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள், பையன்கள் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கேயும் நடக்கிறது, தானாக மாறாது. கோடு, வயரிங், சோதனை, குறிப்பு என்று நான்கு வேலை பிரித்து, மணி அடித்தால் மாற வேண்டும் என்று வையுங்கள். முதல் சில வகுப்புகளுக்குப் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் குழுவும் போடலாம். கை பழகிவிட்டால் அப்புறம் யாரும் பிடுங்க முடியாது.

தமிழ் வழி மாணவி, புதுக்கோட்டை: மிஸ், ஆங்கிலம் சரியாக வராது. கோடிங் வருமா?

நிச்சயம் வரும்மா. பைதானின் கட்டளைச் சொற்கள் மொத்தமே நாற்பதுக்குள். பைதான் 3இல் மாறிகளுக்கு 'தூரம்', 'வேகம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று தமிழில் ஐந்து வரி எழுது, அதற்குப் பிறகு கோடு.

கணினி ஆசிரியர், ஈரோடு: ஏஐ எல்லாக் கோடையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இனி எதைச் சொல்லிக்கொடுப்பது?

வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ஓட்டுவதற்கு முன், இந்த வரியில் 20ஐ 50 ஆக்கினால் ரோபோ என்ன செய்யும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வயர் ஒன்பதாம் பின்னில் இருக்க, கோடில் பத்து என்றிருந்தால், மேசையில் இருப்பதைப் பார்க்காத ஏஐக்கு அது தெரியாது. நான் கோடுக்கு மதிப்பெண் தருவதில்லை. ஓடுகிற ரோபோவில் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டோ ஒரு எண்ணை மாற்றிவிட்டோ கையில் கொடுப்பேன். பத்து நிமிடத்துக்குள் என்ன கெட்டது, எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.