நிறத்தை விடுங்கள், சப்டைட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடும்பத்துடன் வசிக்கும் மென்பொருள் பணியாளன் நான். திரையரங்கில் பார்த்து மிகவும் ரசித்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் கற்பனைப் படத்தின் சிறப்புப் பதிப்பு ப்ளூ-ரேயை, ஒசாகாவைச் சேர்ந்த ஓர் இணையக் கடையில் 9,680 யென் கொடுத்துச் சென்ற மாதம் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் ஆங்கில சப்டைட்டில் உண்டு என்று போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தால் ஜப்பானிய சப்டைட்டில் மட்டுமே இருக்கிறது. என் மனைவிக்கு ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய வருத்தம், படம் முழுவதும் மஞ்சள் ஏறிக் கிடக்கிறது. அரங்கில் கருநீலமாகப் பார்த்த இரவு வானம் பாசி நிறத்தில் தெரிகிறது. அதே வட்டில் உள்ள முன்னோட்டத்தில் நிறம் சரியாக இருக்கிறது. பிரித்த பொருளுக்குப் பணம் தரமாட்டோம், பழுது என்றால் அதே பொருளை மாற்றித் தருகிறோம் என்கிறது கடை. வட்டை வெளியிட்ட நிறுவனமோ, படைப்பாளிகள் விரும்பிய நிறம் இதுதான் என்று பதில் எழுதிவிட்டது. எட்டு நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று நண்பர் சொன்னது உண்மையா? வழக்குப் போட முடியுமா? நானே கணினியில் நிறத்தைத் திருத்தி நண்பர்களுக்குக் கொடுத்தால் குற்றமாகுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. உங்களை அதிகம் வருத்துவது நிறம். சட்டத்தின் முன் அதிகம் நிற்கக்கூடியது சப்டைட்டில். இந்த இரண்டையும் ஒரே புகாராகக் கலந்து எழுதினால் வலுவான குறையும் வலுவிழந்த குறையோடு சேர்ந்து கரைந்துவிடும் என்பதால், தனித்தனியாகவே பார்ப்போம்.

நிறத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர்கள் ஜப்பானிலேயே இருக்கிறார்கள். ஸ்டுடியோ ஜிப்லியின் 'ஸ்பிரிட்டட் அவே' அனிமேஷன் படம் 2001 ஜூலையில் திரைக்கு வந்து, மறு ஆண்டு ஜூலையில் டிவிடியாக வெளியானபோது, படம் முழுவதும் சிவப்பு படர்ந்திருப்பதாக வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. அன்றும் முன்னோட்டக் காட்சிகளில் அந்தச் சிவப்பு இல்லை என்பதே புகார் சொன்னவர்களின் முக்கியமான ஆதாரம். அன்றும் நிறம் வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது, உற்பத்தியில் நேர்ந்த கோளாறு அல்ல என்பதே வெளியீட்டாளர் தரப்பின் பதில். வாங்கியவர்களில் சிலர் 2002 நவம்பரில் கியோட்டோ மாவட்ட நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கு 2004 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்ததால், இப்படிப்பட்ட நிற வேறுபாடு சட்டப்படி குறைதானா என்ற கேள்விக்கு அங்கே தீர்ப்பாக ஒரு விடை எழுதப்படவே இல்லை. சிவப்பு நீங்கிய ப்ளூ-ரே கடைக்கு வந்தது 2014 ஜூலையில்தான். ரசிகர்கள் அதைத் தங்கள் புகாருக்குக் கிடைத்த நியாயமாகக் கொண்டாடியிருக்கலாம். முன்னுதாரணம் தேடும் வழக்கறிஞருக்கு அதனால் பயனில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட ஜப்பானியக் குடிமைச் சட்டத்தில், விற்ற பொருள் வகையிலோ தரத்திலோ அளவிலோ ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்றால் வாங்கியவருக்கு 562-ஆம் பிரிவு முதல் வரிசையாகப் பரிகாரங்கள் தரப்பட்டுள்ளன. ஆனால், எந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தவில்லை என்று நீங்கள் காட்டியாக வேண்டும். அரங்கில் பார்த்த அதே நிறம் வட்டிலும் இருக்கும் என்று கடையோ பெட்டியின் அட்டையோ எங்காவது எழுதியிருந்தால் உங்கள் வாதத்துக்குக் கால் முளைக்கும். எழுதியிராவிட்டால், திரையரங்கப் புரொஜக்டரும் வீட்டுத் தொலைக்காட்சியும் வேறு வேறு, கண்ணின் நினைவும் மாறக்கூடியது என்று எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடும். அதற்குப் பதில் சொல்ல அளவீட்டுக் கருவியும் நிபுணர் அறிக்கையும் வேண்டும், அதன் செலவு வட்டின் விலையைப் பலமுறை தாண்டிவிடும். முன்னோட்டத்தையும் படத்தில் வரும் அதே காட்சியையும் ஒரே தொலைக்காட்சியில், ஒரே பட அமைப்பில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து வையுங்கள். அது நல்ல சான்றுதான்; ஆனால் இரண்டும் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே அது நிரூபிக்கும், இரண்டில் எது சரி என்பதை நிரூபிக்காது.

கடை சொல்லும் 'அதே பொருளை மாற்றித் தருகிறோம்' என்ற பதிலிலும் ஒரு சிக்கல் உண்டு. கீறல் விழுந்த வட்டுக்கு அது முறையான பரிகாரம். கோளாறு மூலப் பிரதியிலேயே இருந்தால், மாற்றிக் கொடுக்கும் வட்டும் அதே மஞ்சளோடுதான் வந்து சேரும். சரிசெய்யவே இயலாத நிலையில் அவகாசம் கொடுத்துக் காத்திருக்காமல் விலைக்குறைப்புக் கேட்கலாம் என்று 563-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஒப்பந்த முறிப்புக்கும் ஏறக்குறைய அதே தர்க்கம் பொருந்தும். இந்த இடம்தான் சப்டைட்டில் விஷயத்தில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படப் போகிறது, ஏனென்றால் அந்தப் பதிப்பின் எந்த வட்டிலும் ஆங்கிலம் இல்லை என்றால் எத்தனை முறை மாற்றிக் கொடுத்தாலும் கடையால் தன் வாக்கைக் காப்பாற்ற முடியாது.

விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதியது பெட்டிக்குள் இல்லை. இதைக் காட்ட நிபுணரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அந்தப் பக்கத்தின் நகலும் பெட்டியின் பின் அட்டையும் போதும். குடிமைச் சட்டம் ஒருபுறம் இருக்க, நுகர்வோர் ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, முக்கியமான விவரத்தில் உண்மைக்கு மாறானதைச் சொல்லி வாங்க வைத்திருந்தால், அதை நம்பி வாங்கிய நுகர்வோர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கவனக்குறைவாகப் பட்டியலிட்டிருந்தாலும் விளைவு ஒன்றே. வட்டைப் பிரித்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டேனே என்று தயங்கவும் வேண்டாம், ரத்துக்கான காரணம் தெரியாமல் பொருளைப் பெற்றுக்கொண்டவர், கையில் எஞ்சியிருப்பதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது. உள்ளே என்ன சப்டைட்டில் இருக்கிறது என்பது இணையத்தில் வாங்கியவருக்குப் பெட்டி கையில் வந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே பிரித்ததையே குற்றமாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நண்பர் சொன்ன எட்டு நாள் கணக்கு பாதி உண்மை. வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கினால் உள்ள நிபந்தனையற்ற விலகல் உரிமை, நீங்களாகவே பக்கத்தைத் திறந்து வாங்கும் அஞ்சல்வழி விற்பனைக்குக் கிடையாது. பொருள் கைக்கு வந்த எட்டு நாளுக்குள், அனுப்பும் செலவை நீங்களே ஏற்று, திருப்பலாம் என்றொரு விதி இருந்தாலும், திருப்ப முடியாது என்று கடை முன்கூட்டியே தெளிவாக அறிவித்திருந்தால் அந்த அறிவிப்பே செல்லும். பெரும்பாலான கடைகள் அப்படித்தான் அறிவிக்கின்றன. ஆனால் அது மனம் மாறித் திருப்புபவர்களுக்கான விதி. சொன்னதற்கு மாறான பொருளை விற்றதால் வரும் பொறுப்பிலிருந்து அந்த அறிவிப்பு கடையைக் காப்பாற்றாது.

யார் மீது உரிமை கோருவது என்பதிலும் தெளிவு தேவை. உங்கள் ஒப்பந்தம் கடையோடு. வட்டை வெளியிட்ட நிறுவனத்தோடு அல்ல. பொருள் பொறுப்புச் சட்டத்தைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும், ஆனால் அது குறையுள்ள பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ சேதம் நேர்ந்தால்தான் துணைக்கு வரும். அந்தப் பொருள் மட்டுமே ஏமாற்றம் தந்தால் வராது. மனவேதனைக்கு இழப்பீடு கேட்பதையும் இந்த அளவு தொகையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் 188 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் பகுதியின் நுகர்வோர் மையத்தோடு இணைப்பார்கள், அவர்கள் கட்டணமின்றிக் கடையோடு பேசியும் பார்ப்பார்கள். அதில் முடியாவிட்டால், எழுதிய வாசகத்தையும் அனுப்பிய தேதியையும் அஞ்சல் துறையே சான்றளிக்கும் 'நைய்யோ ஷோமெய்' அஞ்சலில் ரத்து அறிவிப்பை அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் படத்தின் மீதுள்ள காதலையும் இரவு வானத்தின் நிறத்தையும் விவரிக்க வேண்டாம். வாங்கிய தேதி, ஆணை எண், பக்கத்தில் இருந்த வாசகம், பெட்டியில் இருப்பது, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வாக்கியம், பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு ஆகியவை போதும். அதற்கும் அசையாவிட்டால், 6,00,000 யென் வரையிலான பணக் கோரிக்கைகளை எளிய நீதிமன்றம் பொதுவாக ஒரே விசாரணை நாளில் முடிக்கும் சிறு உரிமை வழக்கு முறை இருக்கிறது. நீங்களே ஆஜராகலாம், பணத்தைத் திருப்பித் தரும் கடமை பெறுபவரின் இருப்பிடத்தில் நிறைவேற வேண்டியது என்பதால், கடை ஒசாகாவில் இருந்தாலும் டோக்கியோவிலேயே தாக்கல் செய்ய வாய்ப்புண்டு. கடையின் விதிமுறைகளில் வேறு நீதிமன்றம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற மொழி ஜப்பானியம்; ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். இந்தப் பதிலைப் பொதுவான வழிகாட்டலாகக் கொண்டு, தாக்கல் செய்யும் முன் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நிறத்தை நீங்களே திருத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். தொலைக்காட்சியின் பட அமைப்பை மாற்றிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வட்டின் நகல் தடுப்புப் பூட்டை உடைத்து நகலெடுப்பது, சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், 2012 அக்டோபர் முதல் ஜப்பானில் பதிப்புரிமை மீறல். அந்த நகலைப் பிறருக்குக் கொடுப்பதும் இணையத்தில் ஏற்றுவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே மாறக்கூடும். குறை சொல்ல நியாயமுள்ள வாங்குபவராக இருக்கும் நீங்கள் வீணாக எதிர்வாதியாகிவிடக் கூடாது.

தவறான விவரம் தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ரத்து உரிமையைப் பயன்படுத்த வேண்டும். தரக்குறையைக் கடைக்குத் தெரிவிக்கவும் அதே ஓராண்டுதான். விற்பனைப் பக்கத்தைக் கடை எந்த நேரமும் திருத்திவிடலாம் என்பதால், தேதி தெரியும்படி அதன் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள். எரிச்சலில் வட்டைப் பழைய பொருள் செயலியில் விற்றுவிடாதீர்கள், பணம் திரும்பி வரும்போது நீங்கள் கடைக்குக் கொடுக்க வேண்டிய பொருள் அதுதான்.