27 கோடிக்கு ஒருத்தரை எடுத்தால் மீதிப் பேருக்கு என்ன கொடுப்பது? – மேனேஜர் லீக் கேள்வி பதில்

நம் வடசென்னை மேனேஜர் லீகில் பத்து அணிகள். மேட்சைக் கணினி ஓட்டிக்கொள்ளும். ஏலம், ஒப்பந்தம், சம்பளக் கணக்கு மூன்றும் நம் தலையில். விதிகளை ஐபிஎல் 2025 மெகா ஏலத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறோம்: பர்ஸ், அதாவது ஆட்களுக்கு ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை, 120 கோடி, அணிக்குக் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர், வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. பகலில் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் பண விஷயக் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்தவற்றில் பொதுவாகப் பயன்படுகிறவற்றுக்குப் பதில் இதோ.

கொருக்குப்பேட்டை தம்பி: அண்ணே, லக்னோ கொடுத்த அதே 27 கோடிக்கு ரிஷப் பந்தை எடுத்தேன். கடைசியில் டெத் ஓவர் (இன்னிங்ஸின் கடைசி ஓவர்கள்) போட ஆளே இல்லை. எங்கே தப்பு?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். ஏலத்தில் கூவுகிற தொகை ஒரு சீசனுக்கான சம்பளம். மூன்று சீசன் வைத்திருந்தால் 81 கோடி. ஏலச்சீட்டை முதல் மாசமே தள்ளி எடுத்தவன் கதைதான்: பணம் வாங்கிய சந்தோஷம் ஒரு வாரம், தவணை கடைசி மாசம் வரை.

லக்னோ கணக்கையே பார். ஏலத்துக்கு முன்பே தக்கவைத்த ஐந்து பேருக்கு 51 கோடி போனது. கையில் இருந்தது 69. ரிஷப் பந்துக்கு 27 போக மீதி 42. அந்த 42-க்குள்தான் மீதி அணி முழுக்க. மிட்செல் மார்ஷ் 3.4 கோடிக்கும் மார்க்ரம் 2 கோடிக்கும் சிக்கியதால் பேட்டிங் தாங்கியது. அப்படியும் ஏழாவது இடம்தான்.

நீ ஏலத்துக்கு உட்காரும் முன் ஒரு தாளை எடு. வீரர் பெயர் எழுதாதே, வேலையை எழுது. புதுப்பந்தில் ஸ்விங் போடுபவர், நடு ஓவரில் ரன்னை இறுக்கும் ஸ்பின்னர், 17-ஆவது ஓவரில் இறங்கி அடிப்பவர் என்று இம்பாக்ட் பிளேயரையும் (ஆட்டத்தின் நடுவே இறக்கும் மாற்று ஆள்) சேர்த்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே உச்ச விலை. டெத் பவுலருக்கு 12 கோடி என்று எழுதினாயா, 12.25 வந்ததும் கை இறங்கிவிட வேண்டும். அடுத்த பவுலர் வருவார். பன்னிரண்டு பேருக்கு 100 கோடி, பெஞ்சுக்கு 12 கோடி, மீதி 8 கோடியைத் தொடாமல் வை. கடைசிச் சுற்றில் எல்லார் பர்ஸும் வறண்டு கிடக்கும். அப்போது எட்டுக் கோடி வைத்திருப்பவன்தான் ராஜா. தனி ஒருவருக்கு 24 கோடிக்கு மேல், அதாவது பர்ஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நான் போக மாட்டேன். அது கோலியே ஆனாலும் சரி.

வியாசர்பாடியிலிருந்து: நீங்கள் சொல்வது சரி என்றால் பஞ்சாப் எப்படி 2025 ஃபைனலுக்கு வந்தது? ஷ்ரேயஸ் 26.75, அர்ஷ்தீப் 18, சஹல் 18. மூன்று பேருக்கே 62.75 கோடி!

நல்ல கேள்வி. ஆனால் பஞ்சாப் ஏலத்துக்கு வந்தபோது கையில் இருந்தது 110.5 கோடி. தக்கவைத்தது இரண்டே பேர்: ஷஷாங்க் சிங் 5.5, பிரப்சிம்ரன் 4. இருவருமே அன்கேப்ட், அதாவது நாட்டுக்காகச் சர்வதேச மேட்ச் ஆடாதவர்கள். அதனால் மூன்று பெரிய ஆட்களை எடுத்த பிறகும் 47.75 கோடி மிச்சம். லக்னோவுக்கு ஒரே ஒருவரை எடுத்ததுமே அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

இன்னொன்று, ஓப்பனிங்கில் அவர்கள் செலவே செய்யவில்லை. 3.8 கோடிக்கு எடுத்த பிரியான்ஷ் ஆர்யா, 4 கோடி பிரப்சிம்ரன். அந்த ஆர்யா தான் நம் சென்னைக்கு எதிராக 39 பந்தில் சதம் அடித்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். விலை உயர்ந்த கேப்டனை எடுக்க வேண்டுமென்றால் வேறு ஏதோ ஒரு இடத்தை முழுசாக மலிவாக முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் 26 கோடி போகிறவர்கள்தான் நம் லீகில் அதிகம்.

தண்டையார்பேட்டை: தல, தக்கவைப்பில் என் ஆட்களுக்கு 57 கோடிதான் கொடுத்தேன். ஆட்டம் 69 கோடி பிடித்துவிட்டது. பக் (மென்பொருள் பிழை) தானே?

பக் இல்லை, விதி. முதல் மூன்று கேப்ட் (நாட்டுக்கு ஆடிய) வீரர்களுக்கு 18, 14, 11 கோடி. நான்காவது, ஐந்தாவது ஆட்களுக்கு மறுபடி 18, 14. அன்கேப்ட் என்றால் தலைக்கு 4. நீங்கள் அதற்குக் குறைவாகப் பேசி முடித்தாலும் பர்ஸிலிருந்து அடுக்குத் தொகைதான் கழியும். கொல்கத்தாவுக்கு இதேதான் நடந்தது. ரிங்கு 13, வருண், நரைன், ரஸல் தலா 12, அன்கேப்ட் இருவர் தலா 4. கூட்டினால் 57, கழிந்தது 69, கையில் 51. ஆகவே நான்காவது கேப்ட் வீரரை வைத்துக்கொள்ளும் முன் அவர் நிஜமாகவே 18 கோடி பெறுவாரா என்று யோசியுங்கள். பெறமாட்டார் என்றால் ஏலத்தில் விட்டுவிட்டு ஆர்டிஎம் அட்டையை (வேறு அணி கேட்ட விலையைக் கொடுத்துப் பழைய ஆளைத் திரும்ப எடுக்கும் உரிமை) வைத்துக்கொள்வது லாபம்.

ராயபுரம்: தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்களே, அந்த வழி நமக்கும் உண்டா?

உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச மேட்சில் முதல் பதினொருவரில் இடம் பெறாத, இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் ஒப்பந்தமும் இல்லாத இந்திய வீரர் அன்கேப்ட் கணக்கில் வருவார். தோனியின் கடைசிச் சர்வதேச ஆட்டம் 2019 உலகக் கோப்பை அரையிறுதி. வெளிநாட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. பழைய ஆட்களின் கடைசி ஆட்டத் தேதியைப் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை.

மூலக்கடை தம்பி: இளம் பசங்களை எத்தனை சீசன் வைத்திருப்பது? ஒரு சீசன் பார்த்தேன், 11 ரன் சராசரி. கழற்றிவிடலாமா?

கழற்றிவிடாதே. இந்த விஷயத்தில்தான் நம் லீக் ஆட்களுக்குப் பொறுமை இல்லை.

நம்ம ஊர்ப் பையன் சாய் சுதர்சனை 2022-இல் குஜராத் எடுத்தது 20 லட்சத்துக்கு. அதே சம்பளத்தில் மூன்று சீசன் ஆடினார். 2025-க்கு அவரைத் தக்கவைத்தது 8.5 கோடிக்கு. நடுவில் அந்த அணி மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்.

வருண் சக்கரவர்த்தி கதை அதற்கு நேர் எதிர். 20 லட்சம் அடிப்படை விலையில் வந்தவரை 2019 சீசனுக்காகப் பஞ்சாப் 8.4 கோடிக்குத் தூக்கியது. காயம். ஒரே ஒரு மேட்ச். கழற்றிவிட்டார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது, அப்புறம் 8 கோடிக்குத் தக்கவைத்தது, அதற்கு அடுத்தது 12. ஆளைத் தேர்ந்தெடுத்ததில் முதல் அணிக்குத் தப்பில்லை, கொடுத்த விலையில் காத்திருக்க முடியவில்லை. மலிவாக வாங்கியிருந்தால் காத்திருந்திருக்கலாம். உன் பையன் 30 லட்சம்தானே? விதிப்படி 18 பேர் எப்படியும் வேண்டும். அந்த இடத்துக்கு வேறு யாரை எடுத்தாலும் அதே 30 லட்சம் ஆகும். இரண்டு சீசன் பயிற்சி கொடுத்துப் பார்.

பெரம்பூர்: 11 கோடி வேகப்பந்து வீச்சாளர், இரண்டு மேட்சோடு காயம். மாற்று ஆள் யாரை எடுக்கலாம்?

மயங்க் யாதவுக்கு 2025-இல் நடந்ததும் அதேதான். மாற்று ஆளின் சம்பளம் காயம்பட்டவர் சம்பளத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அதே வேலை செய்கிறவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. சென்னை அணியில் நம் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் 2.2 கோடி. அவர் காயம்பட்டபோது அதே 2.2 கோடிக்கு வந்தவர் டிவால்ட் பிரெவிஸ் என்ற பேட்ஸ்மேன். அணியில் எந்த இடம் ஓட்டையோ அதை அடைக்கப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டவர் எண்ணிக்கை எட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு: வெள்ளைக்காரர் ஒருத்தர் சீசன் தொடங்கும் முன் வரமாட்டேன் என்றுவிட்டார். பணம்?

பணம் பர்ஸுக்குத் திரும்பும். ஆள் இரண்டு சீசன் தடை. ஹாரி புரூக் டெல்லியை விட்டு விலகியதற்கு அதுதான் தண்டனை.

திருவொற்றியூர்: மினி ஏலத்தில் (மெகா ஏலம் இல்லாத ஆண்டுகளில் நடக்கும் சின்ன ஏலம்) வெளிநாட்டவருக்கு 18 கோடி உச்சவரம்பு என்கிறார்கள். அப்படியானால் 25 வரை துணிந்து போகலாமா?

கூடாது. உச்சவரம்பு அவர் வாங்கும் சம்பளத்துக்கு, உங்கள் பர்ஸுக்கு இல்லை. கேமரன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. அவருக்குப் போவது 18, மிச்சம் வாரியத்துக்கு. ஆனால் பர்ஸில் கழிந்தது 25.20 முழுசும்.

வண்ணாரப்பேட்டை அண்ணன்: 23.75 கோடி வெங்கடேஷ் ஐயர் என் அணியில் சும்மா இருக்கிறார். விற்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அண்ணே, மனசை விடுங்கள். கொல்கத்தாவே விட்டுவிட்டது. அடுத்த மினி ஏலத்தில் பெங்களூர் அவரை எடுத்தது 7 கோடிக்கு. நீங்களும் விடுவித்துவிட்டு, வேண்டுமென்றால் ஏலத்தில் 7, 8 கோடிக்குத் திரும்ப எடுங்கள். பாசமும் இருக்கும், பதினைந்து கோடியும் மிஞ்சும்.

விடுவிக்கும் முன் ட்ரேட் (வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொள்வது) கேட்டுப் பாருங்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை அணி வாங்கியதே, அதில் சென்னைக் கணக்கிலிருந்து போனது 18-உம் 2.4-உம், வந்தது 18. ஜடேஜா அங்கே 14 கோடிக்குச் சம்மதித்தார். ஆட்களைப் பற்றிய வருத்தம் வேறு விஷயம். அதை இங்கே ஆரம்பித்தால் இன்று முடியாது.

எண்ணூர்: பர்ஸில் மூன்று கோடி மிஞ்சியிருக்கிறது. மேட்ச் ஃபீஸுக்கு ஒதுக்க வேண்டுமா?

வேண்டாம். மேட்ச் ஃபீஸ் பர்ஸுக்கு வெளியே. ஒரு மேட்சுக்குத் தலா 7.5 லட்சம், பன்னிரண்டு பேர், 14 லீக் மேட்ச்: 12.6 கோடி. அது தனிக் கணக்கு. உங்கள் மூன்று கோடியைக் கடைசிச் சுற்றில் ஒரு விக்கெட் கீப்பருக்குப் போடுங்கள், உங்கள் பட்டியலில் மாற்றுக் கீப்பரே இல்லை.