மேல்மண் கருப்பா ஓடு கட்டிக் கிடக்கு, உழுது உடைச்சிடலாமா?

நண்பர் ஒருத்தர் கேட்டிருக்கார்: மழை ரொம்ப கம்மியான இடம், பல வருஷமா சும்மா கிடக்குற நிலம், மேல்மண் கருப்பா சொரசொரன்னு ஓடு கட்டி இருக்கு, மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம வழிஞ்சு ஓடுது, புல் விதை தூவினா முளைக்கவும் இல்ல, ட்ராக்டர் விட்டு ஒரு உழவு ஓட்டிடலாமா?

தயவுசெஞ்சு இப்போதைக்கு உழாதீங்க. வறண்ட நிலத்துல மேல கட்டுற ஓடு ரெண்டு விதம், ஒண்ணு உயிர் உள்ளது, இன்னொண்ணு வெறும் மண்ணு, ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். கருப்பு, சொரசொரப்புன்னு நீங்க சொல்றத வச்சு பாத்தா முதல் வகையா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா டெஸ்ட் பண்ணாம முடிவு பண்ண வேண்டாம்.

டெஸ்டுக்கு லேப் எல்லாம் தேவையில்ல. காஞ்ச ஓட்டுல பட்டாணி சைஸ்ல ஒரு துண்ட கத்தி முனையால மெதுவா நெம்பி எடுங்க, அத தலைகீழா திருப்பி லென்ஸ் வச்சு கீழ்ப்பக்கத்த பாருங்க, மெல்லிசான நூல்ல மணல் துகள் கோத்து தொங்குற மாதிரி தெரிஞ்சா அது சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி. அடுத்து ஒரு டம்ளர் மழைத்தண்ணில அந்த துண்ட போட்டு அஞ்சு நிமிஷம் அசைக்காம விடுங்க. உயிருள்ள ஓடு அப்படியே முழுசா நிக்கும். வெறும் மண் ஓடுன்னா பெரும்பாலும் சீக்கிரமே கரைஞ்சு அடியில படிஞ்சிடும். துண்ட சுத்தி பால் மாதிரி கலங்குச்சுன்னா மண்ணுல சோடியம் ஜாஸ்தின்னு அர்த்தம், அது தனி பிரச்சனை. கடைசியா நிலத்துலயே ஒரு இடத்துல லேசா தண்ணி தெளிச்சு காத்திருங்க, கொஞ்ச நேரத்துல கருப்பு பச்சையா மாறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம். மைக்ரோகோலியஸ்னு ஒரு வகை பாசி இருக்கு, ஈரம் பட்டதும் அதோட இழைகள் வழுக்கிட்டு மேல வரும், காய ஆரம்பிச்சதும் திரும்ப மண்ணுக்குள்ள போயிடும், லென்ஸ் வழியா அந்த பச்சைய பாக்குறது எனக்கு இன்னைக்கும் சலிக்காத விஷயம்.

உயிர் ஓடுன்னா அது சும்மா கிடக்கல. அந்த இழைகள சுத்தி இருக்குற பசை மண்துகள கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு, அதனாலதான் காத்துல உங்க மேல்மண் பறக்காம இருக்கு. நாஸ்டாக் மாதிரி பாசிகளும் கொலீமா மாதிரி லைக்கன்களும் (பாசியும் பூஞ்சையும் ஒண்ணா சேந்து வாழுற உயிர்) காத்துல இருக்குற நைட்ரஜன பிடிச்சு மண்ணுல சேக்குது, வறண்ட நிலத்துல தழைச்சத்து வர்ற முக்கியமான வழிகள்ல இது ஒண்ணு. உலக நிலப்பரப்புல சுமார் 12 சதவீதம் இந்த மாதிரி உயிர் ஓடு மூடிதான் இருக்குன்னு ஒரு மதிப்பீடு உண்டு. இத உடைச்சா, பாசி மட்டும்னா சில வருஷத்துல திரும்பி வரலாம், லைக்கன், மாஸ்ங்கிற (moss) குட்டிப் பச்சைச் செடி எல்லாம் வர பல பத்து வருஷம் ஆகும். 1942ல ஜெனரல் பாட்டன் அமெரிக்காவோட மொஹாவி பாலைவனத்துல டாங்கி பயிற்சி ஆரம்பிச்சாரு, அந்த டாங்கி தடம் இன்னமும் பல இடத்துல தெரியுது, அவ்வளவு மெதுவாதான் இந்த மண்ணு ஆறும்.

தண்ணி வழிஞ்சு ஓடுதேன்னு கேப்பீங்க. அது எங்க போய் நிக்குதுன்னு மழை நேரத்துல போய் பாருங்க. நைஜர் நாட்டுல டைகர் புஷ்னு சொல்ற புதர்க்காடு இருக்கு, வெறும் தரை ஒரு பட்டை, புதர் ஒரு பட்டைன்னு மாறி மாறி, ஓடு கட்டின வெறும் தரையில வழியுற தண்ணிய குடிச்சுதான் கீழ்ப்பக்கம் இருக்குற புதர் பொழைக்குது. மேல இருக்குற ஓட்ட உடைச்சு தண்ணிய அங்கயே பரவலா இறங்க விட்டா எந்த செடிக்கும் போதுமான ஈரம் கிடைக்காம போகலாம். அதனால விதைய எல்லா இடத்துலயும் தூவாதீங்க, புதர் அடியிலயும் தண்ணி தேங்குற பள்ளத்துலயும் மட்டும் போடுங்க, கன்று வைக்கணும்னா அந்த குழி அளவுக்கு மட்டும் ஓட்ட எடுங்க. ஆடு மாடு காஞ்ச நேரத்துல அங்க மிதிக்காம பாத்துக்கோங்க, காஞ்சா இந்த ஓடு ரொம்ப சுலபமா நொறுங்கும்.

டெஸ்ட்ல கரைஞ்சு போச்சுன்னா கதை வேற. அது மழைத்துளி அடிச்சு அடிச்சு நுண்ணிய துகள் துவாரத்த அடைச்சு உண்டான ஓடு, அத திறக்கத்தான் வேணும், ஆனா அதுக்கும் முழு உழவு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா மேல மூடாக்கு இல்லாத மண்ண உழுதா அடுத்த ரெண்டு நல்ல மழையில மறுபடி அடைச்சுக்கும். புர்கினா ஃபாசோல யாகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி 'ஸாய்'ங்கிற பழைய குழி முறைய மேம்படுத்தி இறுகிப்போன நிலத்துல காடே வளத்தாரு, 2018ல ரைட் லைவ்லிஹுட் விருது வாங்கினாரு. ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், ஒரு சாண் ஆழம், உள்ள எருவும் காஞ்ச இலையும், அதுல விதை, அவ்வளவுதான். எரு வாசனைக்கு கரையான் வரும், விரட்டாதீங்க, அது போடுற ஓட்டை வழியாத்தான் தண்ணி அடியில இறங்குது. குழி போட ஆள் இல்லன்னா வெட்டின முள்ளுக்கிளைய சரிவுக்கு குறுக்க போட்டு விடுங்க, காத்துல வர்ற மண்ணும் விதையும் அதுல தங்கும். பால் மாதிரி கலங்கின மண்ணா இருந்தா மட்டும் முதல்ல மண் பரிசோதனை பண்ணி சோடியத்த வெளியேத்துற ஜிப்சம் உப்பு எவ்வளவு தேவைன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் குழி போடுங்க.

ஒரே நிலத்துல ரெண்டு வகையும் கலந்து இருக்கறது ரொம்ப சகஜம், அதனால ஒரே இடத்துல துண்டு எடுத்துட்டு நிறுத்தாதீங்க, மேட்டுல, பள்ளத்துல, புதர் ஓரத்துல, வண்டி போன தடத்துலன்னு தனித்தனியா எடுத்து போட்டு பாருங்க. கரையுற இடத்துல மட்டும் குச்சி நட்டு அடையாளம் வச்சு, மழைக்கு முன்னாடி அங்க குழி வேலைய ஆரம்பிங்க.